பதுளையின் நண்பகலும் அப்பாவின் கடிகாரமும்

பதுளையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு காட்டுவதில்லை. இலங்கையின் நேரம் கிரீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணி முந்தியது. அந்த ஐந்தரை மணிக்குரிய தீர்க்கரேகை 82.5 பாகை கிழக்கு. பதுளை இருப்பதோ ஏறத்தாழ 81 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் இங்கே நண்பகல் சராசரியாக 12 மணி 6 நிமிடத்துக்கு வருகிறது. கொழும்பில் இன்னும் 5 நிமிடம் பிந்தி வரும். இதுவும் சராசரிதான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நவம்பர் முதல் வாரத்தில் பதுளையின் நண்பகல் 11.49-க்கே வந்துவிடும், பெப்ரவரி நடுவில் 12.20 ஆகும்.

ஆக, கையில் கட்டியிருக்கும் கடிகாரம் வானத்தைப் பார்த்து நேரம் சொல்வதில்லை. எங்கோ எடுத்த ஒரு தீர்மானத்தைச் சொல்கிறது. அந்தத் தீர்மானம் இலங்கையில் பல தடவை மாறியிருக்கிறது. 1906-இல் ஐந்தரை மணி வித்தியாசம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் அரை மணியும் அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணியும் கூட்டினார்கள். 1945 ஒக்டோபரில் பழையபடி ஆக்கினார்கள். 1996-இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி விழுந்தபோது, மே 25 அன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26-இல் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி, 2006-ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 15-இல்தான் திரும்பி வந்தது.

அந்தப் பத்து ஆண்டுகளும் பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஜனவரி மாதச் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்னர்தான் எழுந்தது. நாலு பக்கமும் மலை சூழ்ந்த இடங்களில் வெயில் முகத்தில் படுவதற்கு அதற்கும் மேலே ஆகும். பெரட்டுக்கு, அதாவது காலைப் பேர்பதிவுக்கு, போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருட்டில் இறங்கினார்கள். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் யாரும் யாருக்கும் மணி சொல்லவில்லை. என் அப்பாவின் கைக்கடிகாரம் 1960-களில் வாங்கியது. சாவி கொடுத்து ஓட்டுவது, 17 ஜுவல். 1996 முதல் வந்த இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் அதன் தலையை இழுத்து முள்ளைத் திருப்பியவர் அவர்தான். இப்போது அது என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது. அது எப்படி இத்தனை காலம் ஓடுகிறது, எதனால் நின்றுபோகும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். பெற்றவர்களின் கடிகாரத்தை அலுமாரியில் பூட்டி வைத்தாலே போதும் என்று நம்புகிற வீடுகள் நம்மிடையே ஏராளம். நகையை அப்படி வைக்கலாம். கடிகாரத்தை வைக்கக்கூடாது.

முதலில், ஒரு தோட்டத் தொழிலாளியின் மணிக்கட்டில் கடிகாரம் என்பது என்னவாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் நேரம் தொழிலாளிக்குச் சொந்தமானதாக இருந்ததில்லை. விடியுமுன் தப்பு அடித்தால் எழும்ப வேண்டும். பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் கூலி, இல்லாமல் திரும்ப வேண்டியிருக்கும். பிறகு ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், சங்கு வந்தது. தப்போ சங்கோ, அதை எப்போது ஒலிக்க வேண்டும் என்று சொன்னது துரையின் ஆபீஸ் கடிகாரம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய தனித் தோட்ட நேரமே உண்டு. வெளிச்சத்தை வீணாக்காமல் வேலை வாங்க அது உதவியது. இப்படிப்பட்ட உலகத்தில் தன் காசில் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டுவது, ஆபீஸ் கடிகாரம் சொல்வதைச் சரிபார்க்கும் உரிமையைக் கையில் எடுப்பது. இலங்கை வானொலியின் மணியோசைக்கு முள்ளைச் சரிசெய்து வைத்திருந்தவரிடம் வேலை விடும் நேரத்தைப் பற்றி யாரும் பொய் சொல்ல முடியாது.

இன்னொரு விடயம். 1964 ஒக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. பதுளைப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் மண், வேலை, உறவு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கடிகார முள்ளை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1945-க்கும் 1996-க்கும் இடையில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

இனி உள்ளே போவோம். சாவி கொடுக்கும்போது விரலின் உழைப்பு ஒரு சிறு டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் நீண்ட மெல்லிய எஃகுப் பட்டையை இறுக்குகிறது. இதுதான் மெயின்ஸ்பிரிங். அது விரிந்து தளர 36 முதல் 40 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அது வெளியிடும் திறன், ஒரு வாட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு மட்டுமே. இவ்வளவு சொற்பமான உழைப்பில் ஓடுவது, கடிகாரத்தின் பாகங்கள் எளிதில் தேயாததற்கு ஒரு காரணம்.

சாவு வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "அவரு போனதும் அவரோட வோச்சும் நின்னு போச்சு" என்பார்கள். அது நடக்கத்தான் செய்யும். ஒவ்வொரு நாளும் காலையில் சாவி கொடுத்த கை இல்லாமல் போகிறது. துக்கத்தில் கிடக்கிற வீட்டில் வேறு யாருக்கும் அந்த நினைவு வராது. கடைசியாகக் கொடுத்த சாவி ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். அடக்கம் முடிந்து வீடு திரும்பி யாராவது எடுத்துப் பார்க்கும் நேரமும் அதுதான். இந்த விளக்கம் அந்தப் பேச்சின் கனத்தை ஒன்றும் குறைத்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

மெயின்ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் சில நொடிகளில் முழுவதும் விரிந்துவிடும். அதைத் துளித்துளியாக அளந்து விடுவதற்கு இரண்டு மாணிக்கக் கற்கள் பதித்த ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. ஏறத்தாழ 1755-இல் லண்டனைச் சேர்ந்த தோமஸ் மட்ஜ் கண்டுபிடித்த அமைப்பு இது. பற்சக்கரத்தின் ஒரு பல்லை ஒரு கல் தடுக்கும், விடும். அடுத்த பல்லை மறு கல் தடுக்கும், விடும். நமக்குக் கேட்கும் டிக் டிக் இந்தத் தடுத்தலின் ஓசை. எப்போது விட வேண்டும் என்று நெம்புகோலுக்குச் சொல்வது பேலன்ஸ் சக்கரம். அது ஒரு பக்கம் சுழலும். அதன் நடுவில் சுருண்டிருக்கும் ஹேர்ஸ்பிரிங் அதைப் பிடித்துத் திரும்ப இழுக்கும். அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும். எவ்வளவு தூரம் திரும்பியதோ அவ்வளவு பலமாக ஸ்பிரிங் திருப்பி இழுக்கிறது. ஆகவே பெரிய ஆட்டத்துக்கும் சின்ன ஆட்டத்துக்கும் ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. ஸ்பிரிங்கின் இந்தக் குணத்தை ரொபர்ட் ஹூக் விதியாக்கினார். 1675-இல் சுருள் ஸ்பிரிங் வைத்த கடிகாரத்தை உலகுக்கு அறிவித்தவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். யார் முந்தியவர் என்று இருவருக்கும் நடந்த சண்டை பெரிய கதை.

அப்பாவின் கடிகாரம் மணிக்கு 18,000 தடவை அடிக்கிற வகை. நொடிக்கு 5, நாளுக்கு 4,32,000, வருடத்துக்கு 15 கோடிக்கும் மேல். நாளுக்கு 10 நொடி பிசகுகிற கடிகாரத்தைச் சரியில்லை என்று சொல்கிறோம். ஒரு நாளில் 86,400 நொடிகள். அதில் 10 நொடி என்பது பத்தாயிரத்தில் ஒன்றைச் சற்றே தாண்டிய பிழை. கையால் சாவி கொடுத்து, வியர்வையிலும் மூடுபனியிலும் அலைந்து, மணிக்கட்டில் எல்லாக் கோணத்திலும் ஆடும் ஒரு இயந்திரம் இவ்வளவு நெருங்கி வருவதை நான் பெரிய சாதனை என்றே சொல்வேன்.

15 கோடித் தடவை அசைந்தால் எதுவும் தேய வேண்டும். தேயாமல் காப்பவை அந்த 17 ஜுவல்கள். பேலன்ஸ் சக்கரத்தின் தண்டு நுனி 0.1 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதைப் பித்தளைத் துளையில் சுழல விட்டால் துளை கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகிவிடும். 1704-இல் நிக்கோலா ஃபாசியோ என்ற கணிதர் லண்டனில் இரண்டு கடிகாரக்காரர்களோடு சேர்ந்து, கல்லில் துளையிட்டு அதில் தண்டைச் சுழல விடும் முறைக்கு உரிமம் பெற்றார். அவர் நியூட்டனின் நண்பர். நல்ல கடிகாரங்களில் மாணிக்கமும் நீலமும், மலிவானவற்றில் கார்னெட்டும் பதித்தார்கள். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்தான். குருந்தம் என்பது அதன் பெயர், அலுமினிய ஒக்சைட்டின் படிகம். அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். வைரத்தை விட்டால் இயற்கையில் அதைக் கீறக்கூடிய கனிமம் மிக அரிது. இலங்கையில் இரத்தினக்கல் என்றால் எல்லோரும் இரத்தினபுரியைச் சொல்வார்கள். ஊவாவிலேயே மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவில் ஆற்றுப் படிவுகளைத் தோண்டி நீலக்கல்லும் கார்னெட்டும் எடுக்கிறார்கள்.

அப்பாவின் கடிகாரத்தில் இருப்பவை பூமியில் விளைந்த கற்கள் இல்லை. 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னுயி, அலுமினாத் தூளை ஒட்சிசன்–ஐதரசன் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படிகமாக வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதன் பிறகு மாணிக்கம் தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. "பதினேழு கல்லு வச்ச வோச், வித்தா நல்ல காசு" என்று லயத்தில் சொல்வதுண்டு. அந்தக் கற்களுக்கு விற்பனை மதிப்பு ஏதும் இல்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் அந்தக் கடிகாரம் என் கைக்கு வந்திருக்காது.

மலைநாட்டுக்கு வருகிற கடிகாரம் இரண்டு விடயங்களைச் சந்திக்கிறது: உயரம், குளிர். துரை பங்களாச் சுவரில் பெண்டுலம் ஆடுகிற கடிகாரம் ஒன்று இருந்தால், கொழும்பில் சரியாக ஓடியது ஹப்புத்தளையில் பிந்தும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு மிகச் சிறிதளவு குறைகிறது. பெண்டுலத்தை இழுப்பது ஈர்ப்புதான் என்பதால் அது மெதுவாக ஆடும். மலையின் நிறை எவ்வளவு ஈடுசெய்கிறது என்பதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 20 நொடி வரை பிந்தலாம். 1730-களில் அந்தீஸ் மலைகளுக்குப் பெண்டுலத்தைத் தூக்கிப் போய் இந்த வித்தியாசத்தை அளந்தவர் பியர் பூகே. கைக்கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைத் திருப்பி இழுப்பது ஈர்ப்பு அல்ல, ஸ்பிரிங்.

ஆனால் ஸ்பிரிங்குக்கு வெப்பம் எதிரி. சூடு ஏறினால் எஃகின் விறைப்பு குறையும். சாதாரண எஃகு ஹேர்ஸ்பிரிங் வைத்த பழைய கடிகாரம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் நாளுக்கு ஏறத்தாழ 11 நொடி பிந்தும். பதுளை நகரம் 700 மீட்டருக்குச் சற்றுக் கீழே. ஹப்புத்தளை அதைப் போல இரண்டு மடங்கு உயரம். இரண்டுக்கும் இடையில் வழக்கமாக 5 பாகை வித்தியாசம் இருக்கும். பதுளை டவுனில் சரிசெய்து வாங்கிய பழைய சட்டைப்பைக் கடிகாரத்தை மேலே ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேத்தன்னைக்கு எடுத்துப் போனால் நாளுக்கு 50 நொடிக்கு மேல் முந்த வேண்டும் என்பது கணக்கு. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் சுவிட்சர்லாந்தின் சார்ல் எதுவார் கியோம். கடிகாரத் தொழில் செய்த தாத்தாவின் பேரன், கடிகாரக்காரரின் மகன். அவர் ஆராய்ந்தது நிக்கலும் இரும்பும் கலந்த உலோகங்களை. 1896-இல் வெப்பத்தில் கிட்டத்தட்ட விரியாத இன்வாரையும், பின்னர் வெப்பத்தில் விறைப்பு கிட்டத்தட்ட மாறாத எலின்வாரையும் கண்டுபிடித்தார். 1920-ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு இதற்காகத்தான் கிடைத்தது. ஐன்ஸ்டைன் காலத்தில் ஒரு உலோகக் கலவைக்கு நோபலா என்று குறைப்பட்டவர்கள் உண்டு. தந்தையின் பட்டறையில் பார்த்த சிக்கலை மகன் ஆய்வுகூடத்தில் தீர்த்தது எனக்கு எந்தப் பெரிய கோட்பாட்டுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. 1930-களுக்குப் பிறகு வந்த கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் இந்த வழியில் பிறந்த கலவைகளையே ஹேர்ஸ்பிரிங்காகக் கொண்டவை.

கல்லும் கலவையும் இவ்வளவு உழைத்தாலும், கடிகாரத்தைக் கொல்வது மிகச் சாதாரணமான ஒன்று: காய்ந்த எண்ணெய். ஒவ்வொரு ஜுவலிலும் கண்ணுக்கு எட்டாத அளவு எண்ணெய் நிற்கிறது. நாலைந்து வருடத்தில் அது ஆவியாகும், பரவிப் போகும், பிசுபிசுப்பாகும். ஒரு காலத்தில் கடற்பன்றியின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கடிகாரத்துக்கு விட்டார்கள். இப்போது செயற்கை எண்ணெய், ஆனாலும் நித்தியமில்லை. மூடியின் ரப்பர் வளையம் வெடித்த பிறகு தூசியும் ஈரமும் உள்ளே போகும். என் அப்பா வேலை செய்தது ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் பகுதியில். அங்கே காற்றில் தேயிலைப் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குக் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே நுழையும் முன்னர் அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அது கடிகாரத்தின் மேலுள்ள பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். எண்ணெயோடு சேர்ந்த தூசி, எஃகுத் தண்டை அரைக்கும் சாணைப்பசையாகிவிடும் என்று எனக்குச் சொன்னவர் பதுளை பஸார் பக்கம் சிறு பெட்டிக்கடை வைத்திருந்த கடிகாரக்காரர்.

"ஓடுதுன்னு ஓட விடாதீங்க தம்பி. எண்ணெ காஞ்சு போய் ஓடுறதுதான் இதுக்குக் கேடு. நிக்கிற வோச்சுக்குக்கூட அவ்வளவு கேடில்ல" என்றார் அவர். இயந்திரவியல் பாடத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்வதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

காந்தம் இன்னொரு எதிரி. ரேடியோப் பெட்டியின் மேல் கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. உள்ளே ஒலிபெருக்கியின் காந்தம். ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங் குட்டையானதாக நடந்துகொள்ளும். கடிகாரம் வெகுவாக முந்தும். இன்று அதே வேலையைக் கைப்பேசி உறையின் காந்தப் பூட்டு செய்கிறது. கடிகாரக்காரரிடம் காந்தம் நீக்கும் கருவி உண்டு. சில நொடி வேலை.

எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியது ரேடியம். பழைய கடிகாரங்கள் சிலவற்றில் எண்களும் முட்களும் இருட்டில் பச்சையாக ஒளிரும்படி தீட்டியிருப்பார்கள். 1960-கள் வரையிலும் அந்தப் பூச்சில் ரேடியம் 226 கலந்த வகைகள் வந்தன. ரேடியம் விடும் கதிர்கள் துத்தநாக சல்பைட்டில் மோதுவதால் ஒளி வருகிறது. அந்த மோதலிலேயே துத்தநாக சல்பைட் சிதைந்து சில பத்து ஆண்டுகளில் ஒளி செத்துவிடும். ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். ஒளிராத பழுப்புப் பூச்சைப் பார்த்து வீரியம் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. கதிர்வீச்சு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கி இந்த எண்களைத் தீட்டிய இளம் பெண்களில் பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். 1928-இல் அந்தப் பெண்களில் சிலர் தொடுத்த வழக்கு இழப்பீட்டில் முடிந்தது. மூடிய கடிகாரம் ஒன்றைக் கட்டுவதால் பயப்பட வேண்டியதில்லை. மூடியைத் திறந்து பூச்சைச் சுரண்டுவதும், உதிர்ந்த தூள் மூச்சிலோ வாயிலோ போவதும்தான் ஆபத்து. ரேடியம் சிதைந்து ரேடன் வாயுவையும் விடுகிறது. பல பழைய கடிகாரங்களை ஒரே பெட்டியில் போட்டு, காற்றோட்டமில்லாத லயன் காம்பிராவில் படுக்கைக்கு அருகே வைக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கவே கூடாது. முகப்பின் அடியில் ஆறு மணிக்குக் கீழே ஒரு ஆங்கில 'டீ' எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம். அதன் அரை ஆயுள் 12 வருடம்தான், பெரிதும் தணிந்துபோயிருக்கும்.

1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. 1977-இல் இலங்கை இறக்குமதிக் கதவைத் திறந்த பிறகு மலிவான குவார்ட்ஸ் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. நொடிக்கு 32,768 தடவை அதிரும் படிகம் பேலன்ஸ் சக்கரத்தை விடப் பன்மடங்கு துல்லியமானது. அதில் வாதமே இல்லை. ஆனால் அதன் மின்னணுச் சில்லு போனால், அதே சில்லு இல்லாமல் யாராலும் சரிசெய்ய முடியாது. சாவிக் கடிகாரத்தில் உடைந்த எதையும் ஒரு மனிதர் கடைசலில் செய்துவிடலாம், அல்லது இன்னொரு கடிகாரத்திலிருந்து எடுத்துப் போடலாம். 1961-இல் பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவு 2016-இல் மூடப்பட்ட பிறகும் அதன் ஜனதா கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பின்மூடியை உட்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஊசியால் கீறிய சிறு எழுத்துகளும் எண்களும் தெரியும். ஒவ்வொரு தடவை கழுவி எண்ணெய் விட்டபோதும் கடிகாரக்காரர் வைத்த குறிப்பு. அப்பாவின் கடிகாரத்தில் அவை வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்று பேரின் கையெழுத்து. 1970-க்கும் 77-க்கும் இடையில், புதுக் கடிகாரம் இறக்குமதியாவதே அரிதான காலத்தில், குறிப்புகள் நெருக்கமாக இருக்கின்றன.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், சாவி கொடுத்து ஓடுகிறதா என்று பார்க்கும் முன்னர் கடிகாரக்காரரிடம் கொண்டுபோங்கள். கழுவி, எண்ணெய் விட்டு, ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். முகப்பின் எண்களில் பழைய பூச்சு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய மூச்சுக்கும் அது முக்கியம். அவர் கீறும் குறிப்பைப் பாலிஷ் போட்டு அழிக்க வேண்டாம். ஓடவே ஓடாத, யாருக்கும் வேண்டாத இன்னொரு பழைய கடிகாரம் கிடந்தால் அதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பேலன்ஸ் தண்டும் மெயின்ஸ்பிரிங்கும் இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. இன்னொருவரின் கடிகாரத்தை ஓட வைக்க அவருக்கு அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.